மருத்துவர் பதில்: வயதானால் குதிகால் நாண் நைந்துபோகுமா?

கேள்வி: எனக்கு 58 வயது. எட்டு வருடமாகச் சர்க்கரை இருக்கிறது. கடைசியாகப் பார்த்த ஹெச்பிஏ1சி 8.2. ஓய்வு பெற்ற பிறகு, கல்லூரியில் விளையாடிய ஷட்டிலை நான்கு மாதங்களுக்கு முன் மறுபடி தொடங்கினேன். தினமும் காலையில் ஒரு மணி நேரம், சிமென்ட் தரையில். இரண்டாவது மாதத்திலிருந்து வலது குதிகாலுக்கு மேலே பின்பக்கம் வலி. கட்டிலை விட்டு இறங்கியதும் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் பாத்ரூம் போகிறேன். கொஞ்சம் நடந்தால் இளகிவிடுகிறது. ஸ்கேனில் 'டெண்டினோசிஸ், 9 மி.மீ. தடிமன்' என்று எழுதியிருக்கிறார்கள். "வயசாச்சு, நரம்பு தேஞ்சுபோச்சு, விளையாட்டை விடுங்க" என்கிறார்கள் வீட்டில். உண்மையா? கொலாஜன் பவுடர் சாப்பிட்டால் சரியாகுமா?

பதில்: முதலில் ஒன்று. அது நரம்பு அல்ல ஐயா. என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் அதை நரம்பு என்பார்கள், மீதிப் பேர் ஜவ்வு என்பார்கள். கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு கட்டிவைத்திருக்கும் கயிறு அது. தமிழில் தசைநாண் என்று ஒரு நல்ல பெயர் இருக்கிறது. வில்லில் கட்டுவார்களே, அதே நாண். தசை இழுக்கும் இழுப்பை எலும்புக்குக் கொண்டுசேர்ப்பதுதான் அதன் வேலை. ஓடும்போது உடல் எடையைப் போலப் பல மடங்கு பாரம் அதன்மேல் விழுகிறது.

அது தேயவில்லை. தேய்ந்திருந்தால் மெலிந்திருக்க வேண்டும், உங்களுக்கோ தடித்திருக்கிறது. சாதாரணமாக ஐந்து ஆறு மில்லிமீட்டர் இருப்பது ஒன்பது ஆகியிருக்கிறது. அது ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இந்தக் கயிற்றின் சரக்கு கொலாஜன் என்ற புரதம். நூல் நூலாகத் திரிந்து, திரிகள் கட்டாகி, கட்டுகள் சேர்ந்து நாண் ஆகிறது. நுண்ணோக்கியில் பார்த்தால் இளவயதில் அந்த நூல்கள் நெளிநெளியாக இருக்கும். இழுத்தால் முதலில் நெளிவு நிமிரும், அப்புறம்தான் நூலில் பாரம் ஏறும். கட்டுக்கும் கட்டுக்கும் நடுவே வழுக்கலான ஒரு மெல்லிய படலம் உண்டு. ஒன்றன்மேல் ஒன்று சறுக்க அது வழிவிடும். வயது ஏற ஏற நெளிவு குறைகிறது, சறுக்கலும் குறைகிறது. நாணைப் பராமரிக்கும் செல்கள் எண்ணிக்கையிலும் சுறுசுறுப்பிலும் குறைகின்றன.

இதில் எனக்கு இன்றும் வியப்பு தருகிற விஷயம் ஒன்று உண்டு. 1955 முதல் 1963 வரை வல்லரசுகள் வெட்டவெளியில் அணுகுண்டு வெடித்துப் பார்த்ததில், காற்றில் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன் கூடிவிட்டது. பிறகு ஆண்டுக்கு ஆண்டு குறைந்தது. நாம் சாப்பிடுகிற செடிகொடி வழியாக அது நம் உடம்பிலும் பதிந்தது. ஆகவே ஒரு திசுவில் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தால் அது எந்த ஆண்டில் உருவானது என்று சொல்லிவிடலாம். டென்மார்க் ஆய்வாளர்கள் இறந்தவர்களின் குதிகால் நாணை இப்படி அளந்து 2013இல் வெளியிட்டார்கள். நாணின் நடுப்பகுதி ஏறத்தாழ 17 வயதோடு உருவாகி முடிந்துவிடுகிறது, அதற்குப் பிறகு புதுப்பிக்கப்படுவது, இல்லவே இல்லை என்ற அளவுக்கு மிகக் குறைவு. அதாவது நீங்கள் பிளஸ் டூ எழுதியபோது இருந்த அதே கயிற்றை வைத்துத்தான் இன்றைக்கும் ஷட்டில் ஆடுகிறீர்கள்.

சர்க்கரை இங்கேதான் வந்து சேர்கிறது. ஹெச்பிஏ1சி என்பது சிவப்பணுவில் உள்ள புரதத்தில் ஒட்டிக்கொண்ட சர்க்கரையின் கணக்கு. சிவப்பணுவின் ஆயுள் நான்கு மாதம். பழையது போய்ப் புதியது வந்துவிடும். நாண் அப்படியில்லை. ஒட்டினது ஒட்டினதுதான். ஒட்டிய சர்க்கரை காலப்போக்கில் பக்கத்துப் பக்கத்துக் கொலாஜன் நூல்களைப் பிணைத்துப் பாலம் போட்டுவிடுகிறது. தோசைக் கல்லில் மாவின் ஓரம் சிவக்கிறதே, அந்த வேதிவினையின் தம்பிதான் இது. கல்லில் ஒரு நிமிடத்தில் நடப்பது உடம்புச் சூட்டில் வருடக்கணக்கில் நடக்கிறது. சர்க்கரை நோய் இல்லாதவருக்கும் உண்டு. உங்களுக்கு வேகம் அதிகம், அவ்வளவே. முற்றின ஆட்டுக்கறி குக்கரில் எத்தனை விசில் விட்டாலும் வேகாமல் அடம்பிடிப்பதற்கும் வயதோடு இறுகும் கொலாஜன் பிணைப்புகள்தான் காரணம்.

சரி, அப்படியானால் வீட்டில் சொல்வது சரிதானே என்பீர்கள். இல்லை. வயதான நாண்களெல்லாம் இப்படி வீங்கி வலிப்பதில்லை. அறுபது வயதிலும் வயலில் நாற்று நடுகிறவர், மாடியேறி இறங்குகிறவர் எத்தனை பேர்! உங்கள் நாண் முப்பது வருடம் நாற்காலியில் சும்மா இருந்துவிட்டு, திடீரென்று தினமும் ஒரு மணி நேரம் சிமென்ட் தரையில் குதித்தது. தசைக்கு இரத்த ஓட்டம் தாராளம், சில வாரங்களில் தேறிவிடும். நாணுக்குக் குறைவு, அதிலும் குதிகாலுக்கு நாலு விரல் மேலே இன்னும் குறைவு. அதற்கு மாதங்கள் வேண்டும். கால் பலமாகிவிட்டது என்று நீங்கள் நினைத்த நேரத்தில் கயிறு தயாராகவில்லை. அதோடு, கடுமையாக ஆடிய பிறகு முதல் ஒன்றரை நாள் வரை நாணில் கட்டுவதைவிடக் கரைவதே அதிகம். தினமும் ஆடினால் அது மீள நேரம் எங்கே?

இப்போது அந்த ஒன்பது மில்லிமீட்டர். பழுதுபார்க்கப் போன செல்கள் ஒழுங்காக நூல் திரிக்காமல், தண்ணீரைப் பிடித்துவைக்கும் வேறு புரதங்களைக் கொட்டிவிடும். நாண் ஊறித் தடிக்கும். அறுவை மேசையில் பார்த்தால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்: நல்ல நாண் முத்துப்போல வெள்ளையாகப் பளபளக்கும், கத்தி பட்டால் எதிர்க்கும், இந்த மாதிரி நாண் மங்கிய சாம்பல் நிறத்தில் கொழகொழவென்று இருக்கும். அறுந்து வந்தவர்களின் நாண் முனை பிரிந்த தேங்காய் நார் மாதிரி. உங்கள் ஸ்கேனில் எழுதியிருக்கும் டெண்டினோசிஸ் இதுதான்; இதை அழற்சி என்பதைவிடச் சீர்குலைவு என்பதே பொருத்தம். வலி மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்கியும் பெரிதாகப் பலன் இல்லாதது அதனால்தான். யாராவது அந்த நாணில் ஸ்டீராய்டு ஊசி போடலாம் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வலி போகும், நாணும் அறுந்துபோகலாம்.

செய்யவேண்டியது பாரம் ஏற்றுவதுதான், ஆனால் அளந்து. 2003இல் இங்கிலாந்தில் வெளிவந்த ஓர் ஆய்வில், எழுபதைத் தாண்டியவர்களுக்கு 14 வாரம் கால் பலப்பயிற்சி கொடுத்தார்கள். முழங்கால் சிப்பிக்குக் கீழுள்ள நாணின் விறைப்பு 65 சதவீதம் கூடியது. பழைய நூல் நூலாகவே இருந்தாலும் கயிறு இறுகுகிறது. வயதானவர்களின் நாண் நூலளவில் விறைத்திருந்தாலும், உபயோகம் இல்லாமல் மொத்தத்தில் தளர்ந்தும் கிடக்கும்; அந்தத் தளர்ச்சியை நம்மால் மீட்க முடியும்.

ஷட்டில் மட்டையை மூன்று மாதம் எடுத்துவைத்துவிடுங்கள். நடை தொடரட்டும். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு இரண்டு கால்களாலும் குதிகாலைத் தூக்கி நில்லுங்கள், மூன்று எண்ணும் நேரத்தில் மெதுவாக இறக்குங்கள். 15 தடவை, கொஞ்சம் இடைவெளி, மறுபடி 15, மறுபடி 15. முழங்காலை நீட்டி ஒரு சுற்று, லேசாக மடித்து ஒரு சுற்று. இரண்டு மூன்று வாரம் கழித்து, தூக்குவது இரண்டு காலால், இறக்குவது வலது காலால் மட்டும். அதற்கும் பழகிய பிறகு படிக்கட்டின் ஓரத்தில் நின்று, குதிகால் படிக்குக் கீழே போகும்வரை இறக்கலாம் (வலி குதிகால் எலும்பிலேயே இருந்தால் படி வேண்டாம், தரையே போதும்). சுவீடனில் 1998இல் வெளிவந்த முறையில் இதை நாளுக்கு இரு வேளை, 12 வாரம் செய்யச் சொன்னார்கள். செய்யும்போது கொஞ்சம் வலித்தால் பரவாயில்லை. மறுநாள் காலை கட்டிலிலிருந்து இறங்கும்போது பாருங்கள்: பிடிப்பு முன்னைவிட மோசமென்றால் நேற்று அதிகம் செய்துவிட்டீர்கள், குறையுங்கள். இதைவிட நல்ல அளவுகோல் எந்த ஸ்கேனும் இல்லை. சர்க்கரை இருப்பதால் பாதத்தில் உணர்ச்சி சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை சோதித்துக்கொண்டு தொடங்குங்கள்.

கொலாஜன் பவுடர் வயிற்றில் போய் மற்றப் புரதம் போலத்தான் செரிக்கும். குதிகால் எது என்று அதற்குத் தெரியாது. அந்தக் காசுக்குக் குதிகால் சற்று உயர்ந்த நல்ல ஷூ வாங்குங்கள். இடது காலிலும் நாண் தடித்திருந்தால் கொழுப்புப் பரிசோதனை செய்துவிடுங்கள். பரம்பரைக் கொலஸ்ட்ரால் சில சமயம் முதலில் தலைகாட்டுவது அங்கேதான்.

'டப்' என்று சத்தம் கேட்டு, பின்னாலிருந்து யாரோ அடித்ததுபோல இருந்தால், அல்லது அந்தக் காலின் நுனியில் நிற்க முடியாமல் போனால், அன்றைக்கே எலும்பு மருத்துவரிடம் போகவேண்டும். நடக்க முடிகிறதே என்று இருந்துவிடாதீர்கள், அறுந்த நாணோடும் பலர் நொண்டியபடி நடப்பார்கள்.

கடைசியாக ஒரு கேள்வி எனக்கு. சமீபத்தில் சிறுநீர்த் தொற்றுக்கோ வயிற்றுப்போக்குக்கோ சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின், ஓஃப்ளாக்சசின் வகை மாத்திரை சாப்பிட்டீர்களா? மெடிக்கல் ஷாப்பில் தாங்களே கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறவர்கள் நம் ஊரில் நிறைய. இவை நாணைப் பலவீனப்படுத்தும், அறுபதைத் தாண்டியவர்களுக்கும் ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும் ஆபத்து கூடுதல். அமெரிக்க மருந்துத் துறை 2008இலேயே, மருந்தின் குறிப்புத்தாளில் கட்டம் கட்டி எச்சரிக்கை போடச் சொன்னது. சாப்பிட்டிருந்தால் உங்கள் மருத்துவரிடம் சொல்லுங்கள். சாப்பிடவில்லை என்றாலும், இனி யார் ஆன்டிபயாடிக் எழுதினாலும் இந்தக் குதிகால் கதையை முதலில் சொல்லிவிடுங்கள்.