திறந்த பீனட் பட்டரைப் பாதுகாப்பது எப்படி? கேள்வி பதில்

கேள்வி: ஐயா, பாட்டிலைத் திறந்த பிறகு ஃப்ரிட்ஜில்தான் வைக்க வேண்டுமா? வெளியில் வைத்தாலே போதும் என்கிறார் என் மாமியார்.

பதில்: முதலில் லேபிளில் உள்ள மூலப்பொருள்களைப் படியுங்கள். ஹைட்ரஜனேற்றப்பட்ட தாவர எண்ணெய் சேர்த்திருந்தால், அது எண்ணெய் பிரியாதபடி நிலைப்படுத்தப்பட்ட வகை; அடுப்பை விட்டுத் தள்ளி, வெயில் படாத அலமாரியில் இரண்டு மூன்று மாதம் இருக்கும். அந்த வகையில் உங்கள் மாமியார் சொல்வது சரிதான். வேர்க்கடலையும் உப்பும் மட்டுமே என்றால் ஃப்ரிட்ஜே நல்லது. பீனட் பட்டரின் எடையில் ஏறக்குறைய பாதி எண்ணெய்; அதில் பெரும்பகுதி நிறைவுறாக் கொழுப்பு என்பதால் காற்றும் வெளிச்சமும் வெப்பமும் சேர்ந்து அதைச் சிக்கடிக்க வைக்கின்றன. சித்திரை வெயிலில் சமையலறை எப்படிக் கொதிக்கும் என்பது நமக்குத் தெரியாததல்ல. குளிர் அந்த மாற்றத்தைத் தாமதப்படுத்தும், நிறுத்தாது.

கேள்வி: மேலே எண்ணெய் மிதக்கிறது. வடித்துவிடலாமா?

பதில்: வேண்டாம். வடித்தால் அடியில் இருப்பது கத்தி இறங்காத அளவுக்கு இறுகிப்போகும். நீளமான, ஈரமில்லாத கத்தியை அடிவரை செலுத்தி, அங்குள்ள விழுதை மேலே தூக்கிவிட்டபடி மெல்லக் கிளறி, எண்ணெய் முழுவதும் கலந்த பிறகு ஃப்ரிட்ஜில் வையுங்கள். குளிரில் மறுபடி எளிதில் பிரியாது.

கேள்வி: வீட்டில் அரைத்து வெல்லப்பாகு சேர்த்தேன். சில நாள்களிலேயே பூஞ்சை பிடித்துவிட்டது. ஏன்?

பதில்: பாகிலிருந்த தண்ணீர்தான் காரணம். வறுத்த கடலையில் ஈரம் மிகக் குறைவு. பூஞ்சையும் பாக்டீரியாவும் அதில் பெருகாமல் இருப்பதே அதனால்தான். இனிப்பு வேண்டுமானால் சாப்பிடும்போது சேர்த்துக்கொள்ளுங்கள். பாட்டிலைக் கழுவி, நன்றாக உலர்த்திய பிறகே நிரப்புங்கள். பூஞ்சை பிடித்ததை, மேலாக வழித்துவிட்டு மிச்சத்தை உண்ணாமல், முழுவதும் எறிந்துவிடுங்கள். கடலையைப் புடைக்கும்போதே சுருங்கியதையும் நிறம் மாறியதையும் பொறுக்கி எறிவது இதைவிட முக்கியம், ஏனெனில் பூஞ்சை உண்டாக்கும் அஃப்ளடாக்சின் நஞ்சு வறுத்தாலும் முழுவதும் அழியாது. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தது, தீவனத்தில் கலந்த கடலைப் பிண்ணாக்கில் இந்த நஞ்சு இருந்ததால்தான்.

கேள்வி: ஈரமே இல்லையென்றால் கிருமியைப் பற்றிய கவலையே வேண்டாம் அல்லவா?

பதில்: அப்படி இருந்துவிட முடியாது. சால்மோனெல்லா அதில் பெருகாவிட்டாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். 2008, 2009 ஆண்டுகளில் அமெரிக்காவின் 46 மாநிலங்களில் 714 பேர் நோயுற்று, 9 பேர் இறந்ததற்கு ஓர் ஆலையிலிருந்து வந்த பீனட் பட்டரும் கடலை விழுதுமே காரணமாயின. ஃப்ரிட்ஜ் இக்கிருமியைக் கொல்லாது. ஆகவே, ஒரு தயாரிப்பைத் திரும்பப் பெறுவதாக அறிவிப்பு வந்தால், மணமும் ருசியும் நன்றாக இருந்தாலும் உண்ணாதீர்கள்.

கேள்வி: ரொட்டியில் தடவிய கத்தியையே பிள்ளைகள் மறுபடி பாட்டிலுக்குள் விடுகிறார்கள். தவறா?

பதில்: தவறுதான். ரொட்டித் துணுக்கும் ஈரமும் ஒட்டிக்கொண்டு உள்ளே போகும். தேவையானதை உலர்ந்த கரண்டியால் சிறு கிண்ணத்தில் எடுத்துவைத்துவிட்டு, பாட்டிலை உடனே மூடிவிடுங்கள்.

கேள்வி: கெட்டுவிட்டதை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: மூடியைத் திறந்ததும் முகருங்கள். வறுத்த கடலை மணம் போய், பழைய எண்ணெயின் சிக்கு வாடையோ பெயின்ட் போன்ற நெடியோ வந்தால் அதை எறிந்துவிடலாம்; நாக்கில் வைத்துப் பார்க்கத் தேவையில்லை.