பதில்: காந்தத்தில் ஒட்டாத கருமணல்

வணக்கம் ஆசிரியர் அவர்களே. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலுடன் உப்பையும் இரும்புத்தூளையும் கலந்து, காந்தத்தால் இரும்பைப் பிரித்த பின்னும் கருந்துகள்கள் எஞ்சியதால், சோதனை பிழைத்துவிட்டதோ என்று கேட்டிருக்கிறீர்கள். பிழை ஏதுமில்லை, நீங்கள் எடுத்த மணலே ஏற்கெனவே ஒரு கலவை. அக்கருந்துகள்களில் பெரும்பங்கு இல்மனைட். இரும்பு, டைட்டானியம், ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்த இக்கனிமம் இரும்பைப்போல் வலுவாக ஈர்க்கப்படாததால், வகுப்பறைச் சட்டகாந்தம் அதை விட்டுவிடுகிறது.

ஆனால் அடர்த்தி கைகொடுக்கும். வெண்மணலான குவார்ட்சு நீரைப்போல் ஏறத்தாழ 2.65 மடங்கும், இல்மனைட் ஏறத்தாழ 4.7 மடங்கும் அடர்த்தியுடையவை. ஆகவே ஒரு கைப்பிடி மணலைத் தட்டில் நீருடன் இட்டு மெல்லச் சுழற்றிச் சாய்த்தால், வெளிர்மணல் முன்னே ஓட, கருமணல் பின்தங்கி ஒரு வரியாகப் படியும். பாடநூல் படத்தைவிட இது மேல் என்பது என் எண்ணம்.

அம்மணலில் கதிரியக்கமுள்ள தோரியம் கொண்ட மோனசைட் என்னும் கனிமமும் கலந்திருப்பதால், தூசு பறக்காதபடி ஈரமாகவே நீங்களே செய்துகாட்டி, கைகளைக் கழுவிவிட்டு, மணலை வகுப்பறையில் சேர்த்துவைக்காமல் எடுத்த இடத்திலேயே சேர்ப்பது நல்லது. வடிகட்டிய உப்புநீரைத் தட்டில் வெயிலில் வைத்தால், புத்தளம் உப்பளத்தில் நடப்பதே அங்கும் நடக்கும். மதிப்பெண் வழங்கும் சோதனைக்கு மட்டும் கழுவிய ஆற்றுமணலைப் பயன்படுத்துங்கள்.