வகுப்பறையில் பாட்காஸ்ட்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: அரசு உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குத் தமிழ் நடத்துகிறேன். ஊர் வரலாறு பற்றிய வலையொலி நிகழ்ச்சி ஒன்றை, எல்லோரும் சொல்கிறபடி சொன்னால் பாட்காஸ்ட் ஒன்றை, புளூடூத் ஸ்பீக்கரில் ஒலிக்கவிட்டேன். 25 நிமிட நிகழ்ச்சி அது. பத்து நிமிடம் ஆவதற்குள் பிள்ளைகள் தங்களுக்குள் பேசத் தொடங்கிவிட்டார்கள். நல்ல நிகழ்ச்சிதான், ஏன் எடுபடவில்லை?
– தமிழாசிரியை, கரூர் மாவட்டம்

பதில்: பாட்காஸ்ட் பெரும்பாலும் தனியாள் ஒருவர், பேருந்தில் போகும்போதோ வீட்டு வேலை பார்க்கும்போதோ, தாமே விரும்பித் தேர்ந்தெடுத்துக் கேட்பதற்காக உருவாக்கப்படுவது. நாற்பது பிள்ளைகள் பெஞ்சில் அமர்ந்து, எதற்காகக் கேட்கிறோம் என்று தெரியாமல், கைக்கும் கண்ணுக்கும் வேலையில்லாமல் கேட்பதற்காக யாரும் அதைச் செய்வதில்லை. ஆகவே அதை வகுப்புக்குத் தக்கபடி வெட்டிக்கொள்ளும் பொறுப்பு ஆசிரியருடையது. 25 நிமிட நிகழ்ச்சியில் உங்கள் பாடத்துக்கு உண்மையாகவே உதவும் பகுதி மூன்று, நான்கு நிமிடத்துக்கு மேல் இருக்காது. முதல் நாளே முழுவதையும் நீங்கள் கேட்டு, அந்தப் பகுதி எந்த நிமிடத்தில் தொடங்கி எங்கே முடிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அதில் வரும் ஊர்ப்பெயர், ஆட்பெயர், ஆண்டு ஆகியவற்றை முன்கூட்டியே கரும்பலகையில் எழுதிவிடுங்கள்; புத்தகத்தில் புரியாத பெயர் வந்தால் கண் திரும்பிப் போய்ப் பார்த்துக்கொள்ளும், காதுக்கு அந்த வசதி இல்லை என்பதால் ஒரு பெயரில் தடுக்கிய பிள்ளை அடுத்த நான்கு வாக்கியங்களையும் இழந்துவிடுகிறது.

ஒலிக்கவிடுவதற்கு முன்பே கேள்வி ஒன்றைக் கொடுங்கள். “இவர் சொல்லும் காரணங்களுள் எது உங்களுக்கு நம்பத்தக்கதாகப் படுகிறது?” என்பது போன்ற, கேட்டால் மட்டுமே விடை சொல்லக்கூடிய கேள்வியாக அது இருக்க வேண்டும். ஒருமுறை ஒலித்து முடிந்ததும் இருவர் இருவராகப் பேசவிட்டு, மறுபடியும் அதே பகுதியைக் கேட்க வையுங்கள். இதை நேர விரயம் என்று நினைக்க வேண்டாம். “ஒருகுறி கேட்போன் இருகால் கேட்பின் பெருக நூலில் பிழைபாடு இலனே” என்றும், “முக்கால் கேட்பின் முறையறிந்து உரைக்கும்” என்றும் நன்னூலின் பொதுப்பாயிரம் சொல்கிறது. இரண்டு முறை கேட்டவர் நூலில் அதிகம் பிழை செய்யமாட்டார், மூன்று முறை கேட்டவர் முறையறிந்து எடுத்துரைப்பார் என்பது பொருள். ஓலையும் எழுத்தாணியுமாகப் பாடம் கேட்ட காலத்தில் ஆசிரியரை மூன்று முறை சொல்ல வைப்பது எல்லா மாணவருக்கும் வாய்த்திருக்காது. இன்று ஒரு விரல் தொடுதலில் அது நடக்கிறது. முதல் முறை பொருளுக்காகவும், இரண்டாம் முறை விவரத்துக்காகவும், மூன்றாம் முறை மொழிக்காகவும் கேட்கலாம்.

தமிழ் வகுப்பில் இந்த மூன்றாம் கேட்பில்தான் பெரிய பயன் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. தமிழ் பாட்காஸ்டுகள் பெரும்பாலும் பேச்சு வழக்கில், ஆங்கிலச் சொற்கள் விரவியே வருகின்றன. இதைக் குறையாகக் கருதிப் பல ஆசிரியர்கள் ஒதுக்கிவிடுகிறார்கள். ஆனால், பேச்சு வழக்குத் தொடரை எழுத்து வழக்காக மாற்றும் பயிற்சி பாடநூலிலேயே இருக்கிறது. அங்கே அது சூழல் அறுந்த ஒற்றை வாக்கியங்களாக நிற்கிறது. ஒரு நிமிடப் பேச்சைக் கேட்டபடியே எழுதி, பிறகு எழுத்துத் தமிழுக்கு மாற்றச் சொன்னால், எந்தச் சொல் எப்படிச் சுருங்குகிறது, எந்த வட்டாரத்தில் எப்படித் திரிகிறது என்று பிள்ளைகளே கண்டுகொள்வார்கள். மாற்றும்போது பேசியவரின் தொனியில் எது தொலைந்தது என்றும் பேச வையுங்கள். பழைய ‘சொல்வதெழுதுதல்’ இதில் புத்துயிர் பெறுகிறது. லகர, ளகர, ழகர வேறுபாடும் காது வழியாகவே கைக்கு வந்து சேர்கிறது.

ஸ்பீக்கரைப் பற்றியும் ஒரு சொல். வெற்றுச் சுவர்கள் கொண்ட வகுப்பறையில் ஒலி எதிரொலித்துக் குழம்பும்; அளவைக் கூட்டினால் குழப்பமும் கூடும். மேசைமேல் வைக்காமல் அறையின் நடுவில், உயரமான இடத்தில் வைத்து, அந்த நான்கு நிமிடத்துக்கு மட்டும் மின்விசிறியை நிறுத்திப் பாருங்கள். கடைசி பெஞ்சு பேசியதற்குக் காரணம் சரியாகக் கேட்காததாகவும் இருக்கலாம்.

கேள்வி: வானொலியில் பள்ளி ஒலிபரப்பு எங்கள் காலத்திலேயே உண்டு. பாட்காஸ்டில் புதிதாக என்ன இருக்கிறது?
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், தஞ்சாவூர்

பதில்: உங்கள் நினைவு சரியானது. பிபிசி 1924ஆம் ஆண்டிலேயே பள்ளிகளுக்கான ஒலிபரப்பைத் தொடங்கிவிட்டது. அகில இந்திய வானொலியும் 1930களின் பிற்பகுதியில் அதைப் பின்பற்றியது. ஆனால், வானொலி நேரத்துக்குப் பள்ளியின் கால அட்டவணை வளைய வேண்டியிருந்தது. மின்சாரம் போனால் பாடமும் போயிற்று. நிறுத்தி விளக்கவும் வழியில்லை. இன்று நேரம் ஆசிரியர் கையில் இருக்கிறது. இணையத்திலிருந்து முன்பே பதிவிறக்கி வைத்துக்கொண்டால் வகுப்பில் இணைய இணைப்புகூடத் தேவையில்லை.

எனினும், பெரிய மாற்றம் அதுவன்று. கேட்கும் பிள்ளையே உருவாக்கும் பிள்ளையாகவும் ஆக முடிகிறது என்பதே உண்மையில் புதியது. 2004ஆம் ஆண்டு அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகம் முதலாண்டு மாணவர் அனைவருக்கும் ஐபாட் (iPod) என்ற கையடக்கப் பாட்டுக் கருவியை வழங்கியது. அக்கருவியில் பாடம் கேட்பதோடு ஒலிப்பதிவு செய்யவும் ஏற்பாடு இருந்தது. அதே ஆண்டில் சென்னை அண்ணா பல்கலைக்கழகம் உள்ளூர் மக்களும் நிகழ்ச்சி தயாரிக்கும் சமுதாய வானொலியை வளாகத்தில் தொடங்கியது. பின்னர் 2019இல் அமெரிக்கப் பொது வானொலி நிறுவனமான என்பிஆர் பள்ளி மாணவர்களுக்கென நடத்திய முதல் பாட்காஸ்ட் போட்டிக்கு ஏறத்தாழ 6,000 பதிவுகள் வந்தன. உயர்நிலைப் பிரிவில் வென்ற டென்னசி மாநில மாணவர்கள் எடுத்துக்கொண்ட பொருள், தங்கள் பகுதியிலுள்ள எர்வின் என்ற சிற்றூரில் 1916ஆம் ஆண்டு சர்க்கஸ் யானை ஒன்று தூக்கிலிடப்பட்ட கொடிய நிகழ்வும், அந்தப் பழியோடு அவ்வூர் வாழ்ந்து மீண்ட விதமும் ஆகும். பாடநூல் எதுவும் அவர்களுக்குச் சொல்லித் தராத வரலாறு அது.

நன்னூலை மறுபடியும் இழுப்பதற்குப் பொறுத்தருள வேண்டும். ஆசிரியர் சொன்னதை நன்றாகவே கொண்டாலும் கால் பங்குதான் சேரும். உடன் பயில்வோரோடு பழகுவதால் இன்னொரு கால் பங்கு. எஞ்சிய அரைப் பங்கு பிறருக்கு எடுத்துரைப்பதால் வரும் என்பது அந்நூலின் கணக்கு. பாட்காஸ்டைக் கேட்க வைப்பதோடு நிறுத்தும் பள்ளி அந்தப் பாதியை விட்டுவிடுகிறது.

கேள்வி: எங்கள் மாணவர்களைக் கொண்டே பாட்காஸ்ட் தயாரிக்க விரும்புகிறேன். கருவி வாங்கப் பணமில்லை. எப்படித் தொடங்குவது? எப்படி மதிப்பெண் போடுவது?
– அறிவியல் ஆசிரியர், திருநெல்வேலி மாவட்டம்

பதில்: உங்கள் கைப்பேசி போதும். வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, நேர் எதிரே பிடிக்காமல் சற்றுப் பக்கவாட்டில் பிடித்தால் பகர ஒலி வெடித்துக் கேட்காது. பள்ளி நூலகம் நல்ல ஒலிப்பதிவு அறை. அலமாரிப் புத்தகங்கள் எதிரொலியைக் குறைத்துவிடும். பள்ளி விட்ட பிறகு, மின்விசிறியை நிறுத்தி, கைப்பேசியை விமானப் பயன்முறையில் வைத்துப் பதிவு செய்யுங்கள். வெட்டி ஒட்டுவதற்கு ஆடாசிட்டி என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. பள்ளிக் கணினியிலேயே ஓடும். மோனோ முறையில், அதாவது ஒரே ஒலித்தடமாக, 64 கேபிபிஎஸ் (நொடிக்கு 64 கிலோபிட்) அளவில் எம்பி3 கோப்பாகச் சேமித்தால் நிமிடத்துக்கு அரை எம்பிதான் ஆகும். ஐந்து நிமிட நிகழ்ச்சியை வாட்ஸ்அப்பில் எளிதாக அனுப்பலாம். பின்னணிக்குத் திரைப்பாடலைச் சேர்க்க வேண்டாம், அதற்குக் காப்புரிமை உண்டு. மடையில் நீர் பாயும் ஓசையைப் பிள்ளைகளே போய்ப் பதிவு செய்து வரட்டும்.

மடை என்றது காரணத்தோடுதான். தாமிரபரணிப் பாசனத்தில் உள்ள ஊர் என்றால் ஊர்க்குளத்தையே முதல் பொருளாகக் கொள்ளுங்கள். குளத்தில் வண்டல் எப்படிச் சேர்கிறது, கொள்ளளவு ஏன் குறைகிறது என்பது அறிவியல். மடையைத் திறந்து அடைக்கும் பொறுப்பில் இருந்த பெரியவரிடம் அதைப் பற்றிக் கேட்பது நேர்காணல். அவர் சொன்னதும் பாடநூல் சொல்வதும் எங்கே பொருந்துகின்றன, எங்கே முரண்படுகின்றன என்று பிள்ளைகள் எழுதும்போதுதான் உண்மையான கற்றல் நடக்கிறது. ஒலிப்பதிவு அதற்கு ஒரு காரணம் மட்டுமே. ஆகையால் எழுத்துப்படி உங்கள் பார்வைக்கு வந்து திருந்திய பிறகே பதிவு தொடங்க வேண்டும்.

நால்வர் கொண்ட குழுவாகப் பிரித்து, கேள்வி கேட்பவர், எழுதுபவர், பதிவு செய்பவர், தொகுப்பவர் என்று பொறுப்புக் கொடுங்கள். அடுத்த நிகழ்ச்சியில் பொறுப்புகள் மாற வேண்டும். இல்லையென்றால் பேச்சுப் போட்டியில் எப்போதும் பரிசு வாங்கும் பிள்ளையே இங்கும் பேசிக்கொண்டிருக்கும். குரல் இனிமைக்கு மதிப்பெண் போடாதீர்கள். தகவல் சரிபார்க்கப்பட்டதா, கேட்ட கேள்விகள் ஆழமானவையா, கேட்பவருக்குப் புரியும் வரிசையில் செய்தி வருகிறதா என்று மட்டும் பாருங்கள். திக்கிப் பேசும் பிள்ளை, விரும்பினால், வேண்டிய மட்டும் நிறுத்தி நிறுத்திப் பதிவு செய்து இடைவெளிகளை நீக்கிக்கொள்ளலாம். மேடை அந்த வாய்ப்பைத் தருவதில்லை.

கேள்வி: என் மகளின் குரலைப் பள்ளி இணையத்தில் வெளியிடப் போவதாகச் சொல்கிறார்கள். சம்மதிக்கலாமா?
– ஒரு தாய், சென்னை

பதில்: முதலில் மகளிடம் கேளுங்கள், அவளுக்கு விருப்பமில்லை என்றால் பேச்சு அத்தோடு முடிந்தது. விருப்பம் என்றால் எழுத்து வடிவில் ஒப்புதல் கேட்குமாறு பள்ளியிடம் சொல்லுங்கள். 2023ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவரைக் குழந்தையாகவே கொண்டு, அவருடைய தரவுக்குப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலை வலியுறுத்துகிறது. முழுப்பெயர், வகுப்புப் பிரிவு, வீட்டுப் பகுதி ஆகியவை நிகழ்ச்சியில் வரக்கூடாது. பின்னாளில் நீக்கச் சொன்னால் நீக்குவதாகவும் ஒப்புதல் தாளில் இருக்கட்டும். உண்மையில், வகுப்புக்குள்ளும் பெற்றோர் குழுவிலும் மட்டும் பகிர்ந்தாலே கற்றலுக்கு வேண்டிய பயன் முழுதும் கிடைத்துவிடும் என்று பள்ளிகளுக்கும் சொல்ல விரும்புகிறேன்.

கேள்வி: செவித்திறன் குறைந்த மாணவர் ஒருவர் வகுப்பில் இருக்கிறார். அவரை விட்டுவிட்டு இதைச் செய்ய மனம் வரவில்லை.
– ஆசிரியப் பயிற்றுநர், மதுரை

பதில்: விட்டுவிட்டுச் செய்யக் கூடாது என்பதே என் நிலையும். ஒலிக்கவிடும் பகுதியின் எழுத்துப்படியை முன்னாளே அவருக்குக் கொடுத்துவிடுங்கள். எழுத்துப்படி இல்லாத நிகழ்ச்சி என்றால் மற்ற மாணவர்கள் பங்கு போட்டு எழுதித் தரலாம். முன்பு சொன்ன சொல்வதெழுதுதல் பயிற்சிக்கு இதைவிட நல்ல நோக்கம் வேறில்லை. தயாரிப்புக் குழுவில் கேள்விகளை அமைப்பதிலும், எழுத்துப்படியைச் செப்பம் செய்வதிலும் அவர் முதன்மைப் பங்கு வகிக்க முடியும். தொகுப்பு மென்பொருள் ஒலியைத் திரையில் அலைவடிவமாகக் காட்டுவதால், பேச்சுக்கிடையே வரும் நீண்ட இடைவெளிகள் கண்ணுக்குத் தெரியும். அவருக்கு விருப்பம் இருந்தால் அவற்றை வெட்டும் வேலையையும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் எந்தப் பொறுப்பு வேண்டும் என்பதை நீங்கள் தீர்மானிக்காமல் அவரிடமே கேளுங்கள்.