கல்குலேற்றர் சொல்லும் வாடகைக்கு வீடு கிடைக்காது, தம்பி

தம்பி, வருகிற செப்ரெம்பரில் கோண்டாவிலில் இருந்து ரொறன்ரோவுக்குப் படிக்க வருவதாக எழுதியிருக்கிறீர்கள். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் கல்குலேற்றர்களில் வாடகை, சாப்பாடு, பஸ் எல்லாம் போட்டுப் பார்த்தீர்களாம். எல்லாம் அரசாங்கத் தரவை வைத்துச் செய்தவை, மாதம் 1,900 டொலர் போதும் என்று வருகிறது, நம்பலாமா அன்ரி என்று கேட்கிறீர்கள். அதோடு எந்த ஜக்கெற் வாங்குவது, எந்த வங்கியில் கணக்குத் திறப்பது என்றும். ஜக்கெற்றை இங்கே வந்து வாங்குங்கள். வங்கி எதுவென்றாலும் சரி. எனக்கு அந்த 1,900ஐப் பற்றித்தான் கதைக்க வேண்டும்.

படிப்பு விசாவுக்குக் கையில் இருப்பதாகக் காட்டச் சொல்லி 2025 செப்ரெம்பரில் வைத்த 22,895 டொலரைப் பன்னிரண்டால் வகுத்துப் பாருங்கள், ஏறக்குறைய அதே எண் வரும். 2024 வரைக்கும் இந்தத் தொகை வெறும் 10,000 ஆகத்தான் இருபது வருடத்துக்குக் கிட்ட அசையாமல் கிடந்தது. அதை நம்பி வந்த பிள்ளைகள் கோயில் அன்னதானத்தில் ஒரு நேரச் சாப்பாட்டை ஓட்டியதை நான் பார்த்திருக்கிறேன். பிறகு 20,635 ஆக்கினார்கள், குறைந்த வருமான எல்லையின் முக்கால்வாசி இது என்று அரசாங்கமே சொன்னது. எல்லையின் முக்கால்வாசி, கவனியுங்கள். அந்த எல்லைக்கு அடித்தளம், 1992இல் இங்குள்ள குடும்பங்கள் சாப்பாட்டுக்கும் உடுப்புக்கும் இருப்பிடத்துக்கும் வருமானத்தில் எவ்வளவு பங்கு செலவழித்தன என்று புள்ளிவிபரத் திணைக்களம் எடுத்த கணக்கு. அதை விலைவாசிக்கேற்பக் கூட்டிக்கொண்டு வருகிறார்கள். நான் கனடாவில் வந்து இறங்கிய வருடமும் அதுதான், தம்பி. அப்போது கைத்தொலைபேசி பில்லும் இல்லை, இன்ரநெற் பில்லும் இல்லை. ரொறன்ரோவுக்குப் போனாலும் வடக்கே ஒரு சின்னப் பட்டினத்துக்குப் போனாலும் காட்ட வேண்டிய தொகை ஒன்றுதான். விசா எடுக்க அது காணும், சீவியம் நடத்தக் காணாது.

வாடகை இதைவிட மோசம். கல்குலேற்றர்கள் எடுக்கும் சராசரி பெரும்பாலும் கனடாவின் வீடமைப்புக் கழகம் ஒவ்வொரு ஒக்ரோபரிலும் எடுக்கும் கணக்கில் இருந்து வருவது. நல்ல கணக்குத்தான், பொய்யில்லை. ஆனால் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட வாடகை வீடுகள் உள்ள கட்டடங்களைத்தான் எண்ணுகிறார்கள். அதில் பதினைந்து வருடமாக ஒரே அப்பார்ட்மென்றில் இருக்கும் சனத்தின் வாடகையும் சேர்ந்திருக்கிறது. ரொறன்ரோ இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தில், ஏற்கெனவே வாடகைக்கு இருக்கிறவனுக்குப் பெரும்பாலான வீடுகளில் வருடத்துக்கு இவ்வளவுதான் கூட்டலாம் என்று சட்டம் உண்டு, 2025க்கு 2.5 வீதம். அவன் வெளிக்கிட்டுப் போனால், அடுத்து வருகிறவனிடம் வீட்டுக்காரர் என்ன விலையும் கேட்கலாம். அந்த அடுத்தவன் நீங்கள். பழைய ஆட்களின் மலிவு வாடகையைச் சராசரியில் பார்த்துவிட்டுச் சந்தோசப்படுகிறீர்கள். இன்றைக்கு விளம்பரத்தில் கேட்கும் வாடகையைப் பாருங்கள், அதுதான் உங்கள் வாடகை.

எங்கட ஆட்கள் முதலில் போய் இறங்கும் பேஸ்மென்ற், அதாவது வீட்டின் நிலக்கீழ்த் தளம், இந்தக் கணக்கில் அநேகமாக வருவதே இல்லை. அதன் விலையை எந்தக் கல்குலேற்றரும் சொல்லாது, வீட்டுக்காரரின் வாய்தான் சொல்லும். "நாங்கள் ஊர் ஆட்கள்தானே, ரசீது என்னத்துக்கு" என்பார்கள். "சாமியறை இருக்கிறது, மச்சம் சமைக்க வேண்டாம்" என்பார்கள். ஆறு மாத வாடகையை முன்கூட்டித் தா என்றும் கேட்பார்கள். சட்டப்படி முதல் மாதத்தோடு கடைசி மாத வாடகையைத்தான் முற்பணமாகக் கேட்கலாம். உடைந்தால் கழிக்க என்று தனியாக வாங்கி வைக்கவும் முடியாது. எனக்கு வெள்ளைக்காரர்களைவிட இவர்களோடுதான் கோபம். தாங்களும் இப்படித்தான் வந்து நின்றவர்கள், இரண்டாவது வீடு வாங்கியதும் மறந்துவிட்டது.

வருமானப் பக்கமும் பாருங்கள். சில கல்குலேற்றர்கள் வாரம் நாற்பது மணித்தியாலம் வேலை என்று எடுத்துக்கொள்ளும். வகுப்பு நடக்கும் காலத்தில் கல்லூரிக்கு வெளியே உங்களுக்கு 24 மணித்தியாலம்தான் அனுமதி. 2025 ஒக்ரோபரில் வந்த ஒன்ராறியோவின் அடிப்படைச் சம்பளம் மணித்தியாலத்துக்கு 17.60 என்றால் வாரம் 422, மாதம் 1,830 அளவில், அதுவும் வரி முதலியவை பிடிப்பதற்கு முன். வேலை கிடைத்த பிறகு, அதையும் சொல்ல வேண்டும். இதை ரூபாயில் பெருக்கிப் பார்க்காதீர்கள். பெருக்கிப் பெருக்கியே இங்கே சிலபேர் முப்பது வருடமாக ஒரு நல்ல சப்பாத்து வாங்கவில்லை.

படித்து முடித்து நிரந்தர வதிவிடம் கேட்கும்போது பார்க்கும் புள்ளியையும் போட்டுப் பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். குடிவரவுத் திணைக்களத்தின் சொந்தக் கல்குலேற்றரில் மட்டும் பாருங்கள், அதற்குக் காசு கட்டத் தேவையில்லை. வேலை வாய்ப்புக் கடிதத்துக்கான புள்ளிகளை 2025 மார்ச்சில் எடுத்துவிட்டார்கள், வெளியில் உள்ள பழைய கணிப்பான்கள் இன்னமும் அதைக் கூட்டிக் காட்டும். யாழ்ப்பாணப் பட்டினத்தில் இதைத் தட்டிப் பார்க்கவே காசு வாங்கும் முகவர்கள் இருக்கிறார்களாம், கேட்க வயிறு எரிகிறது.

எனக்கு இந்தக் கல்குலேற்றர்களில் வெறுப்பு இல்லை. பொதுச் சுகாதார முகவரகத்தின் நீரிழிவுக் கேள்வித்தாளில் தாய் தகப்பன் தென்னாசியர் என்றால் அதற்கே நிறையப் புள்ளி ஏறும். நாற்பது தாண்டியவர்களுக்கானது, உங்களுக்கு இப்போது வேண்டாம். அதை நிரப்பிய பிறகுதான் என் கணவர் வைத்தியரிடம் போனார். ஒட்டாவா ஆய்வாளர்கள் செய்த ஒன்று உங்கள் பழக்கவழக்கத்தைக் கேட்டு எத்தனை வயதுவரை இருப்பீர்கள் என்றே சொல்லும். அதை எங்கள் முதியோர் சங்கத்தில் செய்து பார்த்து, கூடக் கிடைத்தவர் வடை வாங்கிக் கொடுத்தார்.

நான் வந்தபோது யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லை. ஜாம் போத்தல் விளக்குக்கு மண்ணெண்ணெய் அளந்து ஊற்றிப் படித்த கையோடு வந்தவள், இங்கே அக்காவின் பேஸ்மென்றில் பிள்ளைகளோடு பிள்ளையாகப் படுத்தேன். சின்னத்தானிடம் ஒரு கணக்குக் கொப்பி இருந்தது. பால், பஸ் ரிக்கற், ஊருக்கு அனுப்பியது, சீட்டுக் காசு என்று ஒவ்வொரு இரவும் எழுதுவார். அதில் மாமியின் மகளின் கலியாணத்துக்கு ஒரு பக்கம், கொழும்பில் லொட்ஜில் நின்ற தம்பிக்கு ஒரு பக்கம். இந்த நிரல் எந்த அரசாங்கத் தரவிலும் கிடையாது. உங்களுக்கும் வரும், முதல் சம்பளம் எடுத்த கிழமையே தொலைபேசி அடிக்கும். அதை முதலே ஒரு தொகையாக எழுதி வையுங்கள், பிறகு மிச்சத்தைத் தட்டிப் பாருங்கள்.

ஒன்று மட்டும், பார்க்காத வீட்டுக்கு ஊரில் இருந்து முற்பணம் அனுப்பாதீர்கள். ஸ்காபரோவில் ஏதும் விலாசம் கிடைத்தால் எனக்கு எழுதுங்கள், சனிக்கிழமைகளில் எனக்கு வேலை இல்லை, போய்ப் பார்த்துச் சொல்கிறேன்.