கோல்ஃப் டிரைவரில் ஈயப்பட்டை ஒட்டியும் தூரம் கூடவில்லையா?

டிரைவரின் (நெடுந்தூரம் அடிக்கும் கோல்ஃப் மட்டை) தலையில் 20 கிராம் ஈயப்பட்டை ஒட்டி, அடிபடும் நொடியில் பிடியையும் இறுக்குகிறீர்கள், ஆனாலும் பந்து பழைய இடத்திலேயே விழுகிறது என்று எழுதியிருந்தீர்கள்.

முதலில் அந்தப் பிடியை இறுக்குவதை விடுங்கள். பந்தும், தலையில் அது படும் பரப்பான முகமும் தொட்டுக்கொண்டிருப்பது சுமார் அரை மில்லிநொடிதான். அதற்குள் தலை நகர்வதே இரண்டு சென்டிமீட்டர் அளவுக்கு. மோதலின் அதிர்வு ஷாஃப்ட் (மட்டையின் தண்டு) வழியாக உங்கள் கைக்கு ஏறிவந்து திரும்புவதற்குள் பந்து கிளம்பிப் போயிருக்கும். அந்த நேரத்தில் தலை ஏறக்குறைய தனியாகப் பறந்துவந்து மோதும் கட்டிதான். நீங்கள் கையில் உணரும் 'டக்', நடந்து முடிந்த கதை.

அப்புறம் எடை. பந்து 46 கிராம், தலை 200 கிராம், மீள்திறன் (மோதலில் பந்து எவ்வளவு துள்ளிக் கிளம்புகிறது என்பதன் அளவு) 0.83 என்றால் பந்தின் வேகம் தலையின் வேகத்தைப் போல 1.49 மடங்கு. தலையை 220 ஆக்கினால் 1.51. அவ்வளவுதான்! உங்கள் வீச்சு 2 சதவீதம் மந்தமானாலே அந்த லாபம் காலி. அதுதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

பட்டையைப் பிய்த்துவிட்டு, முகத்தில் கொஞ்சம் டால்கம் பவுடர் பூசிப் பத்துப் பந்து அடித்துப் பாருங்கள். தடம் நடுவை விட்டு ஒரு விரற்கடை விலகியிருந்தால் தலை முறுக்கிக்கொண்டு வேகத்தை விழுங்குகிறது. உங்கள் தூரம் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும். தடங்கள் எங்கே விழுந்தன என்று எழுதுங்கள், பார்க்கலாம்.