வேலைய விட்டுடலாமா அக்கா?

கேள்வி: காது கேக்காத குழந்தைங்க படிக்கிற ஸ்கூல்ல பேச்சுப்பயிற்சி டீச்சரா இருக்கேன் அக்கா. ஆசப்பட்டு படிச்ச படிப்பு. இப்ப காலைல பஸ் ஏறும்போதே எரிச்சலா வருது. போன வாரம் ஒரு பையன் மொத தடவ 'அம்மா'ன்னு சொன்னான், அவங்கம்மா அழுதுட்டாங்க, எனக்கு ஒன்னுமே தோணல. நான் கல் நெஞ்சுக்காரி ஆயிட்டேனா? பேங்க் எக்ஸாமுக்கு படிக்கலாமான்னு யோசிக்கிறேன்.
- ஒரு வாசகி, தென்காசி

பதில்: கல் நெஞ்சுக்காரியா இருந்தா இத எழுதியிருக்கவே மாட்டீங்கமா. உங்களுக்கு இருக்குறது பர்ன்அவுட் மாதிரிதான் தெரியுது. 1981ல மாஸ்லாக், ஜாக்சன்னு ரெண்டு பேர் இத அளக்க ஒரு கேள்வித்தாள் போட்டாங்க, அதுல மூணு விஷயம் பாப்பாங்க, மனசு வத்திப்போறது, எதிர்ல இருக்குற ஆள் மேல ஒட்டுதல் விட்டுப்போறது, நம்மால என்ன பிரயோஜனம்னு தோணுறது. நீங்க சொன்ன 'ஒன்னுமே தோணல' அந்த ரெண்டாவது. உலக சுகாதார நிறுவனமும் 2019ல இத நோய்னு சொல்லல, வேலைல தீராம கிடக்குற அழுத்தத்தால வர்றதுன்னுதான் சொல்லுச்சு. அதனால மொத்த பழியயும் உங்க தலைல போட்டுக்காதீங்க.

உங்க வேலையோட பாடு வெளிய இருக்குறவங்களுக்கு தெரியாது. 'அப்பா'வும் 'அம்மா'வும் உதட்ட மட்டும் பாத்தா ஒரே மாதிரிதான் இருக்கும், அதப் பிரிச்சுக் காட்ட கண்ணாடி முன்னாடி உக்காந்து, வாய்க்கு நேரா பேப்பர் துண்டு பிடிச்சு, மூக்குல விரல வச்சு அதிருதான்னு தொட்டுப் பாக்கவச்சு, அதையே நாள் பூரா ஒவ்வொரு புள்ளைக்கா திரும்பத் திரும்ப பண்ணா யாருக்குத்தான் வத்தாது? பலன் தெரிய மாசக்கணக்காகுது, அதுக்குள்ள 'இன்னும் பேசலையே'ன்னு கேட்டுடுறாங்க.

ரெண்டு மூணு விஷயம் பண்ணிப் பாருங்க. ஒவ்வொரு புள்ள குரலயும் மாசம் ஒருதரம் போன்ல ரெக்கார்ட் பண்ணுங்க, பெத்தவங்ககிட்ட கேட்டுட்டு. பழசக் கேட்டாதான் எவ்வளவு தூரம் வந்திருக்கோம்னு நமக்கே தெரியும். கிளாஸ் ஆரம்பிக்குமுன்ன ஆ, ஈ, ஊ, ம், ஷ், ஸ் இந்த ஆறு சத்தமும் கேக்குதான்னு செக் பண்றத விட்டுடாதீங்க, ஹியரிங் எய்ட்ல பேட்டரி போனது தெரியாம ஒரு மணிநேரம் தொண்டை கிழிய கத்துறத விட சலிப்பு எதுவும் இல்ல. அம்மாவையும் பக்கத்துல உக்காரவச்சு சொல்லிக்குடுங்க, வீட்டுல அவங்க பேசாம நீங்க மட்டும் இழுத்தா தேர் நகராது.

புள்ளைங்க அதிகமா இருந்தா வாய்விட்டுக் கேளுங்கமா. 2021ல சுப்ரீம் கோர்ட் சிறப்பு ஆசிரியர் வழக்குல சொன்ன கணக்கு ஆரம்பப் பள்ளில மாற்றுத்திறன் உள்ள 10 புள்ளைக்கு ஒரு சிறப்பு ஆசிரியர். அது பொதுப் பள்ளிக்கு சொன்னதுதான், ஆனாலும் ஹெட்மிஸ்ட்ரஸ்கிட்ட எழுதிக்குடுக்கும்போது கைல ஒரு நம்பர் இருக்கட்டும்.

பேங்க் எக்ஸாம் தப்பே இல்ல, ஆனா இந்த களைப்புல முடிவெடுக்காதீங்க. மே மாச லீவுல ஸ்கூல் ஞாபகமே இல்லாம இருந்துட்டு வாங்க. ஜூன்லயும் பஸ் ஏறும்போது இதே எரிச்சல் இருந்துச்சுன்னா தாராளமா அப்ளிகேஷன் போடுங்க, யாரும் உங்கள குத்தம் சொல்ல முடியாது.