சோப்பு பட்டதும் சிவந்துபோன சாம்பார் கறை

கேள்வி: திருப்பரங்குன்றத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளி சரிந்து கணவரின் வெள்ளை வேட்டியில் கொட்டிவிட்டது. கை கழுவும் இடத்தில் இருந்த சோப்பைப் போட்டுத் தேய்த்தேன். மஞ்சளாக இருந்த கறை ரத்தச் சிவப்பாகிவிட்டது! என் பட்டுச்சேலையிலும் நாலைந்து துளி. போதாததற்கு மெட்டி மாட்டிச் சேலையில் ஓர் இழை வெளியே வந்துவிட்டது. இனி இப்படி நடந்தால் என்ன செய்வது?
வாசகி, திருமங்கலம்

பதில்: வேட்டி கெட்டுப்போகவில்லை, பயப்பட வேண்டாம். ஆரத்திக்கு மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு கலந்ததும் சிவக்கிறதே, அதேதான் இங்கேயும் நடந்திருக்கிறது. மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமின் என்ற பொருள், காரம் (மிளகாய்க் காரமல்ல, சுண்ணாம்பில் இருக்கும் ‘அல்கலி’) பட்டால் சிவக்கும். சோப்பிலும் அந்தக் காரம் உண்டு. நன்றாக அலசினால் மறுபடி மஞ்சளாகிவிடும். எலுமிச்சை பிழிந்தாலும் சிவப்பு மறையும். ஆனால் கறை போய்விட்டதாக நினைத்துவிடாதீர்கள், நிறம்தான் மாறியிருக்கும்.

சாம்பார் கறையில் எண்ணெய், மஞ்சள் என இரண்டு சங்கதி இருக்கிறது. முதலில் எண்ணெயை எடுக்க வேண்டும். பருப்பை ஸ்பூனால் வழித்துவிட்டு, பாத்திரம் கழுவும் லிக்விடைச் சில சொட்டு விட்டு, பத்து நிமிடம் கழித்து அலசுங்கள். மிச்சம் நிற்கும் மஞ்சளுக்கு வெயில்தான் மருந்து. குர்குமின் வெளிச்சத்தில் சிதைந்துவிடும். ஈரத்தோடு கறைப் பக்கம் மேலே தெரியும்படி காயப்போடுங்கள். வேட்டியின் கலர் பார்டரை மட்டும் மடித்து மறைத்துவிடுங்கள். வைகை மணலில் துணி விரித்து வெளுத்தவர்கள் நம்பியதும் இந்த வெயிலைத்தான். ஒரே நாளில் போகாவிட்டால் மறுநாளும் நனைத்துப் போடுங்கள். கறை முழுக்கப் போகும்வரை இஸ்திரி மட்டும் வேண்டாம்.

பட்டுக்கு இந்த வைத்தியம் எதுவும் ஆகாது. தேய்த்தால் இழை பிசிறும், வெயிலில் சாயம் வெளுக்கும், ப்ளீச் பட்டால் பட்டு இழையே அரிக்கும். மண்டபத்தில் நீங்கள் செய்யக்கூடியது இவ்வளவுதான்: உலர்ந்த வெள்ளைக் கைக்குட்டையால் ஒற்றி எடுங்கள், துளிகள் மேல் முகப்பவுடரைத் தூவி எண்ணெயை உறிஞ்சவிட்டு, அப்புறம் மெல்லத் தட்டிவிடுங்கள். பக்கத்தில் யாராவது ‘வெந்நீர் போடு, எலுமிச்சை தேய்’ என்று ஆரம்பிப்பார்கள். சரிகை உள்ள இடத்தில் புளிப்பு பட்டால் கறுத்துப்போகும் என்பதால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம். சேலையைச் சீக்கிரமே ட்ரை கிளீனிங்குக்குக் கொடுங்கள். கொட்டியது சாம்பார் என்பதையும், வீட்டில் என்ன போட்டீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அதைப் பொறுத்து அவர்கள் போடும் மருந்து மாறும்.

மெட்டி இழுத்த இழையைக் கத்தரித்துவிடாதீர்கள், பிறகு அந்த இடம் ஓட்டையாகும். இரு பக்கமும் விரலால் பிடித்துத் துணியை மெல்ல இழுத்துவிட்டாலே பாதி இழை உள்ளே போய்விடும். மிச்சத்தை ஊசி முனையால் சேலையின் பின்பக்கம் தள்ளிவிடுங்கள். இழை அறுந்தே போயிருந்தால் டார்னிங் (நூலால் இழை கோத்துச் சரிசெய்வது) செய்பவரிடம் கொடுப்பதுதான் வழி.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மதுரை வீடுகளில் அடிக்கடி நடப்பது. புதுச் சுங்குடிச் சேலையின் சாயம் வெள்ளைச் சட்டையில் ஏறிவிட்டால் சட்டையைக் காயவிடாதீர்கள். ஈரமாக இருக்கும்போதே தனியாக, தண்ணீர் தெளியும்வரை அலசினால் பெரும்பாலும் போய்விடும். காய்ந்த பிறகு எடுப்பது கஷ்டம்.

கைப்பையில் நாலு ஊக்கு, நூல் கோத்த ஊசி, இரண்டு ரவிக்கை கொக்கி, சின்ன பவுடர் டப்பா வைத்துக்கொள்ளுங்கள். மதுரையில் புதுமண்டபத்திலிருந்து குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிய கடைகளில் தையல் சாமான் எல்லாம் கிடைக்கும். கூடவே ஒரு பென்சிலையும் போட்டுவையுங்கள். ஜிப் இறுகிக்கொண்டால் அதன் பல்லில் பென்சில் முனையைத் தேய்த்தால் வழுக்கிக்கொண்டு நகரும்.